லாஞ்சிப் பிஸ்ரன்

இரத்தினசிங்கத்தாருடைய மொறிஸ் மைனர் உப்புவெளிச் சந்தியைத் தாண்டியதும் தாண்டாததுமாக உயிரை விட்டதற்கு நாங்கள் ஐந்து ரீச்சர்மாரும் நேரடிச் சாட்சி. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, இரண்டாம் தவணை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டிய நாள். முதலில் யாரோ கரண்டியால் சட்டியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அது ஒண்டுமில்லை ரீச்சர், றோட்டுக் கல்லு" என்றார் மனுசன்.

பிறகு அகப்பைக் காம்பால் தட்டுகிற சத்தம். "இதுவும் கல்லோ?" என்று பின் சீற்றிலிருந்து புஷ்பவதி ரீச்சர் கேட்டு வாய் மூடவில்லை, உலக்கை போட்ட மாதிரி ஒரு இடி. பொனற்றுக்குள்ளிருந்து நீலப் புகை வந்தது. கார் நின்றுவிட்டது.

வெயிலென்றால் அப்படி வெயில். கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிறது. ஐந்து பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினோம். காவலரணில் நின்ற ஆமிப் பொடியன் ஒருவன் முதலில் பார்த்துச் சிரித்தான், பிறகு அவனுக்கே பாவமாகப் போய்விட்டது போல, துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து அவனும் தள்ளினான். இரத்தினசிங்கத்தார் மட்டும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி உள்ளே மகாராசா மாதிரி இருந்தார். யாராவது ஒருவர் திருப்ப வேண்டுமே என்பது அவருடைய நியாயம்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. பாலையூற்றில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலியும், அந்த வேலியில் ஒரு பொட்டும் உண்டு. சீனி, தேங்காய்ப் பாதி, ஊர்க்கதை எல்லாம் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போய் வரும். அதனால் அந்த வீட்டில் நடந்தது எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்துகொள்ள நான் ஆசைப்படவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

அந்தக் கார் குணேஸ்வரியின் பேரில் இருந்தது. தகப்பன் கலியாணத்தின்போது சீதனமாக எழுதிக் கொடுத்தது. ஓட்டுவது இரத்தினசிங்கத்தார், வருமானத்தைப் பிடித்து வீட்டை ஓட்டுவது குணேஸ்வரி. மட்டக்களப்புக் கம்பஸில் படிக்கிற மகள் பூரணிக்கும் அந்தக் கார்தான் சோறு போட்டது. எங்கள் ஐந்து பேரையும் சல்லிக் கிராமத்துக்கு அங்கால் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் அவர்களுடைய நிரந்தர ஓட்டம். மற்றதெல்லாம் வந்தால் வரும், வராவிட்டால் வராது. சண்டைக் காலத்தில் யார் கார் பிடித்து எங்கே போகிறார்கள்?

அன்றைக்கே புஷ்பவதி ரீச்சர் நாக்கில் தேன் தடவாமல் சொல்லிவிட்டா.

"இஞ்ச பாருங்கோ, பள்ளிக்கூடம் திறக்கிற அண்டு காலமை கார் வந்து நிண்டால் ஏறுறம். இல்லாட்டி நாங்கள் வானுக்கு மாறுறம். வான்காரன் ஏற்கெனவே கேட்டவன். பிறகு என்னிலை குறை சொல்லப்படாது."

"வரும் ரீச்சர், கட்டாயம் வரும்" என்றார் இரத்தினசிங்கத்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

மறுநாளே கிண்ணியாவிலிருந்து ஜவாஹிர் வந்து சேர்ந்தான். நல்ல மெக்கானிக். வாயும் நல்ல வாய். இரத்தினசிங்கத்தாரோடு முப்பது வருசச் சிநேகிதம், முப்பது வருசச் சண்டை. வேப்பமரக் கிளையில் செயின் புளொக்கைக் கட்டி எஞ்சினைத் தூக்கி, பழைய மேசையில் இருத்தினார்கள். கச்சான் மண் உள்ளே போய்விடும் என்று ஜவாஹிர் கத்த, குணேஸ்வரி தங்கள் கட்டிலில் கட்டியிருந்த நுளம்புவலையை அவிழ்த்து வந்து எஞ்சினுக்கு மேலே கட்டிவிட்டா. அன்றிலிருந்து எஞ்சினுக்கு வலை, புருசன் பெண்சாதிக்கு நுளம்பு.

எஞ்சின் தலையைக் கழற்றியதும் ஜவாஹிர் குனிந்து மூக்கை வைத்து மணந்தான். பிறகு மெல்ல நிமிர்ந்தான்.

"அண்ணன், இது கார் எஞ்சினா, குசினி அடுப்பா?"

"என்னடாப்பா?"

"மண்ணெண்ண மணக்கிது. எவ்வளவு நாளா கலக்கிறீங்க?"

"நானோ? மண்ணெண்ணெயோ? பெற்றோல் செட்டுக்காரன் கலந்திருப்பான்."

"பெற்றோல் செட்டுக்காரன் ஒங்கட குசினிப் போத்தலால கலந்தானா? இந்தா பாருங்க, மூணாவது பிஸ்ரன்ட தலையில ஓட்டை. என்ட சின்ன விரல் போகுது. பிஸ்ரனத் தாங்குற இரும்பு றொட்டும் வளைஞ்சி போச்சி."

குசினி வாசலில் குணேஸ்வரி வந்து நின்றா. கையில் தேங்காய் துருவின தட்டு. "அதுதானே பாத்தன்" என்றா. "குக்கருக்கு வாங்கி வைக்கிற எண்ணெய் எங்கை போகுதெண்டு தெரியாமல், நான் எலி குடிக்குதாக்கும் எண்டு இருந்தனான்."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. பொட்டுக்குள்ளால் சத்தம் கேட்டிருக்கும். இரத்தினசிங்கத்தார் வேலிப் பக்கம் ஒரு முறைப்பு முறைத்தார்.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது. அந்த நாட்களில் பெற்றோல் என்றால் ஒரு கிழமை இருக்கும், மறு கிழமை இராது. யாழ்ப்பாணப் பக்கத்தில் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன என்ற கதை வேறு. அதைக் கேட்டு இவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பார்த்திருக்கிறார், கார் ஓடியிருக்கிறது, ஓடுகிறதுதானே என்று இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்.

வளைந்த றொட்டை நிமிர்த்திப் போடலாமா என்று இரத்தினசிங்கத்தார் கேட்டதும் ஜவாஹிர் அதைக் கையில் வாங்கினான். அதைத் தூக்கி வேலிக்கு மேலால் எறிந்தான். அது என் கத்தரிப் பாத்திக்குள் விழுந்தது. இன்றைக்கும் என் வீட்டுக் கதவு அடிபடாமல் முட்டுக் கொடுப்பது அதுதான்.

பிஸ்ரன் தேடும் படலம் இப்படித் தொடங்கியது. குணேஸ்வரியின் தம்பி கனகசுந்தரம் கொழும்பில் வேலை. அவனுக்குத் தகவல் போனது. அவன் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைந்து, பெட்டி உடைக்காத நாலு புதுப் பிஸ்ரன் வாங்கி, வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டான். எண்ணெய்த் தாளில் சுற்றி, முகம் பார்க்கலாம் போல் மினுங்கிக்கொண்டு வந்தன. இரத்தினசிங்கத்தார் ஒன்றைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. பிளேன்ரீ குடிக்கும்போதும் மடியில் வைத்திருந்தார்.

ஜவாஹிர் ஒரு மீன் பையோடு வந்தான். அதற்குள்ளும் நாலு பிஸ்ரன், நாலு றொட்டு. கறுத்து, அழுக்குப் பிடித்து, கோழி எச்சம் காய்ந்து கிடந்தது.

"இதென்ன கண்றாவி?" என்றார் இரத்தினசிங்கத்தார்.

"கண்றாவி இல்ல அண்ணன். வெள்ளக்காரன் காலத்தில ஹாபர்ல ஓடின லாஞ்சிப் படகுட எஞ்சின். ஒங்கட மைனருக்கும் அதுக்கும் ஒரே புளொக், ஒரே துவாரம். ஏலத்தில எடுத்த மனுசன் செத்து, பத்து வருசமா என்ட வளவுல கிடந்திச்சி. என்ட பொஞ்சாதி றம்லாட கோழியெல்லாம் அதுக்குள்ளதான் முட்ட இடுற. இண்டைக்குக் கழட்டினதுக்கு றம்லா என்னோட பேசுறா இல்ல."

"கோழிக் கூட்டில கிடந்ததையோ என்ர காருக்குப் போடப்போறாய்?"

"கோழி பிஸ்ரனத் தேய்க்கிறல்ல அண்ணன். இத அளந்து பாத்தன், தேய்மானமே இல்ல. இதக் கொண்டாறதுக்கு நான் பட்ட பாட்டக் கேளுங்க. கிண்ணியாத் துறையில பாதைப் படகுல ஏறக்குள்ள ஆமிக்காரர் பைக்குள்ள கைய விட்டுட்டாரு. பாரை மீனாக்கும் எண்டு நினைச்சிரிப்பாரு. இரும்பு தட்டுப்பட்டதும் முகம் மாறிட்டு. பாதையில வந்த சனமெல்லாம் மற்ற ஓரத்துக்கு ஒதுங்கிட்டு. பெரியவரக் கூப்பிட்டாங்க. அவர் வந்து கையில எடுத்துப் பாத்திட்டு, 'மொறிஸ் மைனர்?' எண்டாரு. ஓம் சேர் எண்டன். அவர்ட அப்பாக்கிட்டயும் ஒண்டு இரிக்காம், குருநாகல்ல. அர மணித்தியாலம் அவர்ட அப்பாட காருக்கு என்ன வருத்தமெண்டு கேட்டு நான் மருந்து சொல்லிட்டு வாறன்."

குணேஸ்வரி சிரித்துக்கொண்டு அவனுக்கு ரொட்டியும் கூனிச் சம்பலும் கொண்டுவந்து வைத்தா. நானும் பொட்டுக்குள்ளால் போய்விட்டேன். புஷ்பவதி ரீச்சரும் வந்திருந்தா. வேறு வேலையாக வந்ததாகச் சொன்னா, ஆனால் கார் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்கத்தான் வந்தவ என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கதிரையில் கொழும்புப் பிஸ்ரன் நாலு, மற்றக் கதிரையில் லாஞ்சிப் பிஸ்ரன் நாலு. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரி நாங்கள் சுற்றி நின்றோம்.

"வடிவாப் பாருங்க" என்றான் ஜவாஹிர். "கொழும்புக்காரன்ட தலை மேடு. லாஞ்சிக்காரன்ட தலை குழி. அதான் வித்தியாசம்."

"மேடும் குழியும் என்ன செய்யும்?" என்று குணேஸ்வரி கேட்டா.

"மேட்டுத் தலை மேல வரக்குள்ள பெற்றோல நல்லா நெரிக்கும். நெரிச்சிப் போட்டுப் பத்தினா இழுவ கூட. ஓர்ஸ் ஹில் ஏத்தத்த மூணாவது கியரில ஏறும். ஆனா சுத்தமான பெற்றோல் வேணும். மண்ணெண்ண கலந்தீங்கெண்டா நெருக்குவாரத்தில முந்தியே வெடிச்சிரும். அதான் அண்டைக்கு ரீச்சர்மாரு கேட்ட டங் டங்."

"மற்றது?"

"குழித் தலை அவ்வளவு நெரிக்கிறல்ல. இழுவ குறைவு. ஏத்தத்தில ரெண்டாவது கியர் போட்டு உருட்டணும். ஆனா எத ஊத்தினாலும் குடிக்கும். லாஞ்சிக்காரன் மண்ணெண்ணயிலதானே ஓடினவன்."

"றொட்டு?"

"அதுவும் இரிக்கி. கொழும்புப் பிஸ்ரன் எண்டா காரில கிடக்கிற பழைய றொட்டு மூணும் சரி, ஒண்டுதான் தேடணும். லாஞ்சிப் பிஸ்ரன் எண்டா அதோட வந்த நாலையும்தான் போடணும். பிஸ்ரனையும் றொட்டையும் கோர்க்கிற பின்ட தடிப்பு வேற. புருசனும் பொஞ்சாதியும் மாதிரி, பிரிக்க ஏலா."

இரத்தினசிங்கத்தார் எழுந்தார். "இதில யோசிக்க என்ன கிடக்கு? புதுசு இருக்க, கோழி எச்சத்தை ஆர் போடுவினம்? கொழும்புப் பிஸ்ரன்தான்."

"நீங்கள் மண்ணெண்ணெய் கலந்தால்?" என்றா குணேஸ்வரி.

"இனிக் கலக்க மாட்டன்."

"எலியும் அப்பிடித்தான் சொல்லும்."

புஷ்பவதி ரீச்சர் கெக்கட்டம் விட்டுச் சிரித்துவிட்டா. அதுதான் மனுசனுக்குச் சுட்டுவிட்டது. விறுவிறென்று உள்ளே போனார். சாமியறையிலிருந்து கற்பூரக் கட்டியோடும் நெருப்புப் பெட்டியோடும் வந்தார். முற்றத்தில் ஒரு வெற்றிலையை வைத்து, கற்பூரத்தை வைத்து, கச்சான் நாலு குச்சியை அணைக்க, ஐந்தாவது குச்சியில் பற்றவைத்தார். சல்லி முத்துமாரி அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்.

"அம்மாளாச்சி அறிய, இந்தக் கற்பூரம் அறிய, இனி என்ர கையால இந்தக் காருக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் ஊத்தமாட்டன்! ஊத்தினா என்ர கண் அவிஞ்சு போகட்டும்!"

கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். எங்களுக்குச் சிரிப்பு ஓடி ஒளிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்துச் செய்கிற சத்தியம் சின்ன விசயமில்லை. காணி வழக்குகள் அதோடு முடிந்திருக்கின்றன. பரம்பரைக் கோபங்கள் தீர்ந்திருக்கின்றன. சல்லி அம்மனிடம் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டு ஊரில் இருக்க ஒருவரும் துணியமாட்டார்கள்.

"இப்ப சொல்லும்" என்றார் மனைவியைப் பார்த்து. உள்ளங்கை சிவந்திருந்தது.

குணேஸ்வரி கதிரைக்குப் பக்கத்தில் குந்தினா. கொழும்புப் பிஸ்ரனை ஒவ்வொன்றாக எண்ணெய்த் தாளில் சுற்றினா. பெட்டிக்குள் வைத்தா. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முஸ்லிம் ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு ஜவாஹிரிடம் சொன்னா: "நானா, லாஞ்சிப் பிஸ்ரனையே போடுங்கோ."

நான் என் காதையே நம்பவில்லை. ஜவாஹிர் ரொட்டியை வாயில் வைத்தபடி நின்றான்.

"என்ர சத்தியத்திலையும் நம்பிக்கை இல்லையோ?" என்றார் இரத்தினசிங்கத்தார்.

"கார் என்ர பேரில" என்றா குணேஸ்வரி. அவ்வளவுதான். பெட்டியைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினா.

அதன் பிறகு அந்த வீட்டில் புருசனும் பெண்சாதியும் நேரே பேசுவதில்லை. எல்லாம் ஜவாஹிர் ஊடாகத்தான். "நானா, அவரைச் சாப்பிட வரச்சொல்லுங்கோ." "ஜவாஹிர், எனக்குப் பசியில்லையெண்டு சொல்லு." பசியில்லாத மனுசன் பொட்டுக்குள்ளால் என் குசினிக்கு வந்து, ரெண்டு தரம் பிட்டும் சூரை மீன் குழம்பும் வாங்கிச் சாப்பிடுவார்.

"ரீச்சர், நீங்கள் படிச்சனீங்கள். நீங்களே சொல்லுங்கோ. அம்மாளாச்சிக்கு முன்னால கற்பூரம் அடிச்ச மனுசனை இப்பிடி அவமானப்படுத்தலாமோ? கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசம்."

"நீங்கள் குணேஸ்வரியட்டைக் கேளுங்கோவன் ஏனெண்டு."

"நானோ? நான் ஏன் கேக்கோணும்? அவள் சொல்லட்டும்."

மற்றப் பக்கம் குணேஸ்வரி. அவவிடமும் கேட்டுப் பார்த்தேன். "கேக்க வேண்டியவர் கேட்டால் சொல்லுவன், ரீச்சர்" என்று தேங்காய் துருவுவதிலேயே கண்ணாக இருந்தா. இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இடையில் றொட்டு நிறுக்கிற வேலை வந்தது. லாஞ்சிக்காரன் எப்போதோ ஒரு றொட்டை மாற்றியிருக்கிறான், மற்ற மூன்றைவிட அது பாரம். நாலும் ஒரே நிறை இல்லாவிட்டால் எஞ்சின் ஆடும், ஆடினால் ரீச்சர்மாருக்குக் குடல் கலங்கும் என்றான் ஜவாஹிர். சரியான தராசு எங்கே இருக்கிறது? நகைக்கடையில். குலசிங்கம் பத்தர் எனக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் நானும் ஜவாஹிரோடு போனேன்.

கடையில் ஒரு கலியாணக் கூட்டம் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்தது. பத்தர் சந்தனப் பொட்டும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். ஜவாஹிர் மீன் பையைத் திறந்து நாலு றொட்டையும் கண்ணாடி மேசையில் வைத்தான். கலியாணப் பொம்பிளையின் தாய் தாலிக்கொடியைச் சட்டென்று கைக்குள் பொத்திக்கொண்டா.

"இதென்ன தம்பி, குழந்தைப்பிள்ளையளுக்குக் கட்டுற அரைமூடியோ?" என்றார் பத்தர்.

"இந்த நாலும் ஒரே நிறையா வேணும், ஐயா."

பத்தருக்கு வேலை என்று வந்தால் தங்கமும் ஒன்றுதான், இரும்பும் ஒன்றுதான். பெரிய தராசை எடுத்தார். ஒரு தட்டில் ஒரு றொட்டு, மற்றத் தட்டில் இன்னொன்று. படியே வைக்காமல் ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார். பாரமானதை ஜவாஹிர் காட்டின இடத்தில் அரத்தால் மெல்ல மெல்ல அராவினார். அராவுவதும் வைப்பதும், அராவுவதும் வைப்பதும். கலியாணக் கூட்டமும் தாலிக்கொடியை மறந்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றது. முள் நடுவில் நின்றபோது மாப்பிள்ளையின் தகப்பன் "அப்பாடா" என்றார்.

பத்தர் அதன் பிறகு செய்ததுதான் வேடிக்கை. தூரிகையை எடுத்து, மேசையில் கிடந்த இரும்புத் தூளை ஒன்றும் சிந்தாமல் கூட்டி, தகரச் சிமிழுக்குள் போட்டு மூடினார்.

"ஐயா, அது இரும்பு" என்றான் ஜவாஹிர்.

பத்தர் சிமிழைப் பார்த்தார். "கை பழகிப்போச்சு" என்று அவரும் சிரித்துவிட்டார்.

எஞ்சின் பூட்டும் நாளில் நானும் போய் நின்றேன். வலையை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, ஜவாஹிர் ஒவ்வொரு றொட்டையும் கோழிக்குஞ்சு பிடிக்கிற மாதிரிப் பிடித்து உள்ளே இறக்கினான். கீழே நின்று வாங்கியவர் இரத்தினசிங்கத்தார். கோபமென்றாலும் வேலையில் பிழை விடமாட்டார். ஒவ்வொரு மூடியையும் அதனதன் றொட்டோடு நம்பர் பார்த்துச் சேர்த்தார், நட்டை இறுக்கினார், கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வியர்வை மூக்கு நுனியால் சொட்டியது. குணேஸ்வரி ஒரு துவாயைக் கொண்டுவந்து ஜவாஹிரிடம் கொடுத்தா. ஜவாஹிர் அதை அவரிடம் கொடுத்தான்.

"நான் மெக்கானிக்கா, தபால்காரனா?" என்று கேட்டான்.

சனிக்கிழமை பின்னேரம், காருக்குள் திரும்ப இறக்கின எஞ்சின் ஸ்ராட் வந்தது. இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்தது. பழைய சத்தமில்லை. அடங்கின, கொஞ்சம் கட்டைக் குரல். ஜவாஹிர் ஒரு பேணியில் தண்ணீரை நிரப்பி எஞ்சினுக்கு மேலே வைத்தான். தண்ணீர் லேசாக நடுங்கியதே தவிர ஒரு துளி சிந்தவில்லை. நாங்கள் கை தட்டினோம். இரத்தினசிங்கத்தாருடைய முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, வந்ததை அவசரமாக விழுங்கினார். ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, "ஏத்தத்தில இழுவை காணாது" என்று ஜவாஹிரிடம் சொன்னார். குணேஸ்வரிக்குக் கேட்கத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோல் அடிக்கப் போனவர் வெறும் கலனோடு திரும்பி வந்தார். ஹபரணை றோட்டில் ஏதோ பிரச்சினையாம், பெற்றோல் கொண்டுவருகிற பவுசர் வரவில்லை, செட்டில் கயிறு கட்டிவிட்டார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. தெரிந்த இடமெல்லாம் அலைந்து பார்த்தார். "சீனக்குடாவில அத்தினை எண்ணெய்த் தாங்கி நிக்குது, எங்களுக்கு ஒரு போத்தல் இல்லை" என்று வேலியில் பிடித்துக்கொண்டு நின்று என்னிடம் புலம்பினார். ராங்கில் கிடந்தது கொஞ்சம்தான். அது எஞ்சினைச் சூடாக்கவும் உப்புவெளி வரையும் போகவும் காணும். அதற்கு அங்கால் நாங்கள் மறுபடியும் தள்ள வேண்டியதுதான்.

திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் திறக்கிற நாள், விடியக்காலமையே கச்சான் தொடங்கிவிட்டது. நாங்கள் ஐந்து பேரும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றோம். ஜவாஹிரும் முதல் ஓட்டத்தைக் கேட்க, விடிய முதற் பாதைப் படகிலேயே வந்திருந்தான். புஷ்பவதி ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தா.

"வான்காரன் சந்தியிலை நிக்கிறான். நான் அவனுக்கு என்ன சொல்ல?"

இரத்தினசிங்கத்தார் காருக்குப் பக்கத்தில் நின்றார். கழுவித் துடைத்து, முன்னுக்குத் திருநீறு பூசி, கார் கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. அவர்தான் செத்த வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

"கார் ஓடும் ரீச்சர். எதை ஊத்தினாலும் ஓடும். நான்தான் ஊத்த ஏலாது. நான் கற்பூரம் அடிச்சனான்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் வானிலை போங்கோ. உங்களை மறிச்சு வைக்க எனக்கு வாயில்லை."

ஓட்டம் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் ஊத்தினால் என்ன என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் ஜவாஹிரைப் பார்த்தேன்.

"என்னப் பாக்காதீங்க ரீச்சர்" என்றான். "நான் ஊத்தினா ஒங்கட அம்மன் என்னோட கோவிப்பா. எனக்கு ஏற்கெனவே றம்லாட கோவம் இரிக்கி."

அப்போதுதான் குணேஸ்வரி குசினியிலிருந்து வந்தா. ஒரு கையில் மண்ணெண்ணெய்க் கலன், மற்றக் கையில் புனல். நேரே காரின் பின்பக்கம் போனா. ராங் மூடியைத் திறந்து புனலை வைத்தா.

"என்ன செய்யிறீர்?" என்று இரத்தினசிங்கத்தார் பதறினார். பல நாளுக்குப் பிறகு அவர் அவவிடம் நேரே பேசியது அதுதான்.

"கற்பூரம் அடிச்சது நீங்கள். நான் அடிக்கேல்லை" என்றா குணேஸ்வரி. "உங்கட கையாலைதானே ஊத்தமாட்டன் எண்டனீங்கள்? இது என்ர கை. என்ர கார்."

கலனைச் சரித்தா. கச்சான் விடவில்லை. புனலுக்குள் போகவேண்டிய எண்ணெய் காற்றில் சிதறிச் சேலையிலும் காரின் மட்காட்டிலும் பட்டது. அவ கலனை நிமிர்த்தினா, மறுபடி சரித்தா, மறுபடி சிதறியது. இருந்ததே அந்த ஒரு கலன்தான். நான் உதவ ஒரு அடி வைத்தேன்.

எனக்கு முதல் இரத்தினசிங்கத்தார் நடந்து போய்விட்டார். போய், காற்று வருகிற பக்கத்தில், மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேட்டியை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார். எண்ணெய் கம்பி மாதிரி நேராக இறங்கத் தொடங்கியது.

"அண்ணன், இது சத்தியத்துக்கு ஆகுமா?" என்றான் ஜவாஹிர்.

"நான் காத்துக்கு மறைப்புக் குடுத்துக்கொண்டு நிக்கிறன். பின்னாலை ஆர் என்ன செய்யினம் எண்டு எனக்குத் தெரியாது."

புஷ்பவதி ரீச்சர் தலைப்பால் வாயை மூடிக்கொண்டா. இரத்தினசிங்கத்தாருடைய முகம் எங்கள் பக்கம் இருந்தது. சிரிக்கவில்லை. திரும்பாமலே மெல்லக் கேட்டார்.

"என்னிலை நம்பிக்கை இல்லாமல்தானே இந்தப் பிஸ்ரனை எடுத்தனீர்?"

"உங்களிலை நம்பிக்கை இல்லாமலோ?" குணேஸ்வரி புனலைப் பிடித்தபடியே சொன்னா. "நீங்கள் கற்பூரம் அடிச்ச உடனை எனக்குத் தெரியும், இனித் தலை போனாலும் இந்த மனுசன் ஊத்தாது எண்டு. எனக்கு நம்பிக்கையில்லாதது பெற்றோல் செட்டிலை. இப்பிடி ஒரு நாள் வருமெண்டு தெரியும். வந்தால் நான்தான் ஊத்தோணும். அப்ப, நான் ஊத்தினாலும் செத்துப்போகாத பிஸ்ரன் வேணுமெல்லோ?"

இரத்தினசிங்கத்தார் வேட்டியை விடாமலே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். கச்சான் மண் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். புஷ்பவதி ரீச்சர் போய் முன் சீற்றில் ஏறி இருந்துவிட்டா.

கலனில் இன்னும் பாதி கிடந்தது. இரத்தினசிங்கத்தார் ஒரு அடி பின்னால் நகர்ந்து, முதுகு மனைவியின் தோளில் முட்டும் அளவுக்கு நெருங்கி நின்றார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாரும்" என்றார். "காத்து மாறுது."